அவன் இல்லாத வீட்டில் ஆப்பிள் பை!

‘180 டிகிரியில் 10 நிமிடம் ப்ரீஹீட் செய்யவும்.’

டிஜிட்டல் டெஸ்க்கில் வேலைக்குச் சேர்ந்த பிறகு நான் அதிகம் டைப் செய்த வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். கேக், குக்கீஸ், பை என எந்த ரெசிப்பி வந்தாலும் முதல் வரி இதுதான். திருத்தி, படம் வைத்து, நோட்டிஃபிகேஷன் தட்டிவிடுவேன். ஆனால், மரக்காணத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் அவன் கிடையாது. இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு, தோட்டத்துப் பக்கம் வெந்நீர் போட ஒரு விறகடுப்பு. அவ்வளவுதான்.

ஆகஸ்ட் கடைசியில் நான்கு நாள் லீவில் ஊருக்குப் போனபோது, “ஆப்பிள் பை செய்யப்போறேன். ஆனா, அதுக்கு அவன் வேணும் ஆயா” என்றேன்.

“எவன்?” என்றார் ஆயா.

சிரித்து முடிப்பதற்குள், நான் வாங்கிவந்த பழங்களை அம்மா பார்த்துவிட்டார். “யாருக்கு ஒடம்பு சரியில்ல?” என்றார்.

எங்கள் பக்கம் ஆப்பிள் என்றால் ஆஸ்பத்திரிப் பழம். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் வாங்கிப்போவது. ஆறு வருடங்களுக்கு முன் அப்பா 11 நாள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, பார்க்க வந்தவர்கள் கொடுத்த ஆப்பிள்கள் கட்டிலுக்குக் கீழே கேரி பேக்குகளில் சேர்ந்துகொண்டே இருந்தன. எங்கள் வீட்டுக்குத் தெரிந்த ‘ஆப்பிள் பை’ அதுதான். அப்பா திரும்பி வரவில்லை. அந்தப் பைகள் மட்டும் வந்தன. அதன் பிறகு அம்மா ஆப்பிள் வாங்கியதே இல்லை. யாராவது கொடுத்தாலும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவார்.

அந்தப் பழத்தை ஆஸ்பத்திரியிலிருந்து அடுப்படிக்குக் கொண்டுவர வேண்டும் என்பதுதான் என் ஆசை. இதை அம்மாவிடம் சொல்லவில்லை. “ஆபீஸ் வேலைம்மா, செஞ்சு பார்த்து எழுதணும்” என்று மட்டும் சொன்னேன்.

ஆப்பிள் பை என்றதும் அமெரிக்கா ஞாபகத்துக்கு வரும். ஆனால், 14-ம் நூற்றாண்டு இங்கிலாந்துச் சமையல் குறிப்புகளிலேயே அது உண்டு. மாறாக, நம் ஊர்க் கடைகளில் அடுக்கியிருக்கும் சிவப்பு ஆப்பிளுக்குப் பின்னால்தான் நிஜமாகவே ஓர் அமெரிக்கர் இருக்கிறார். பெயர் சாமுவேல் ஸ்டோக்ஸ். 1882-ல் பிலடெல்பியாவில் பிறந்தவர். தொழுநோயாளிகளுக்குச் சேவை செய்ய 1904-ல் இந்தியா வந்தார். இமாச்சலின் கோட்கர் பகுதியில் குடியேறி, அமெரிக்க ‘டெலிஷியஸ்’ ரகத்தை நட்டு, மலை விவசாயிகளுக்கும் அதைப் பழக்கினார். விடுதலைப் போராட்டத்தில் இறங்கி 1921-ல் சிறைக்கும் போனார். உப்புக்கு 1930-ல் ராஜாஜியின் வேதாரண்யம் யாத்திரை என்றால், ஆப்பிளுக்கும் இப்படி ஒரு சுதந்திரப் போராட்டக் கதை இருக்கிறது.

இமாச்சல் ஆப்பிள் நம் ஊர்க் கடைகளில் நிறையும் நேரத்தில், எங்கள் ஊர் உப்பு சீஸன் முடியப்போகும். வருடத் தொடக்கத்தில் பாத்தியைச் சீர்செய்து, காலால் மிதித்துத் தரையை இறுக்கி, நீர் பாய்ச்சுவார்கள். வெயில் ஏற ஏற உப்பு பூக்கும். வடகிழக்குப் பருவமழை வந்தால் எல்லாம் கரைந்து, பாத்தி குளமாகிவிடும். பிறகு மூன்று மாதம் வேலை இருக்காது. தமிழக அரசு தரும் 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணமும் கைமாற்றும்தான். அம்மா இருபது வருடங்களுக்கு மேல் உப்பு வாருகிறார். என் டிப்ளோமா ஃபீஸ் அந்தப் பாத்தியிலிருந்து வந்தது.

சரி, அவனுக்கு என்ன வழி? குக்கரில் உப்பைக் கொட்டி கேக் செய்யும் வித்தை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். எங்கள் ஊரில் உப்புக்கா பஞ்சம்? பிரியாணி செய்யும் கனமான அலுமினியக் குண்டானில் இரண்டு கிலோ கல் உப்பைப் பரப்பினேன். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் இருக்கும்; அதில் பெரும்பகுதி சமையல் உப்பு. அந்தக் கணக்கில் ஒரு கிலோவுக்கே 40 லிட்டர் நீர் வற்ற வேண்டும். குண்டானுக்குள் கிடந்தது ஐந்தாறு குடம் கடல்!

மாவுக்கு விடியற்காலை நான்கு மணியைத் தேர்ந்தெடுத்தேன். காரணம், வெண்ணெய். பை மாவில் வெண்ணெய் உருகாமல் சின்னச் சின்னத் துணுக்குகளாக இருக்க வேண்டும். அடுப்பில் வைத்ததும் அதிலிருக்கும் நீர் ஆவியாகி மாவை அடுக்கடுக்காகப் பிரிக்கும். மொறுமொறுப்பு அப்படித்தான் வரும். எங்கள் ஊர் வெயிலில் பத்து மணிக்கு வெண்ணெயைத் தொட்டால் எண்ணெய்தான். வெயிலுக்குப் பயந்துதான் அம்மாவும் இருட்டிலேயே உப்பளத்துக்குக் கிளம்புவார். அன்று மட்டும் அவருக்கு வேலை இல்லை.

இரண்டு கப் மைதா, ஒரு ஸ்பூன் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, ஃப்ரீசரில் வைத்த 125 கிராம் வெண்ணெய். விரல் நுனியால் பிசிற வேண்டும். பக்குவம் எப்படித் தெரியும் என்று நான் வீடியோவைத் தேட, ஆயா எட்டிப் பார்த்தார். “புட்டு மாவுதானே? புடிச்சா புடிபடணும், உதுத்தா உதுரணும்.” அதேதான். நான்கைந்து ஸ்பூன் ஐஸ் தண்ணீர் தெளித்து, சப்பாத்தி மாவு மாதிரி அடித்துப் பிசையாமல் சும்மா சேர்த்து உருட்டி, அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தேன். பிசைந்தால் மாவு ஜவ்வாக இழுத்து, வெந்ததும் கடினமாகிவிடும்.

நான்கு ஆப்பிள்களைத் தோல் சீவி நறுக்கும் வேலை மிச்சமிருந்தது. நான் கேட்காமலேயே அம்மா அரிவாள்மனையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். உப்பு வெடித்த விரல்களில் புளிப்புப் பட்டால் எரியும் என்பதால், எலுமிச்சைச் சாற்றை மட்டும் நான் பிழிந்தேன். ஐந்து ஸ்பூன் நாட்டுச்சர்க்கரை, அரை ஸ்பூன் பட்டைத்தூள், ஒரு ஸ்பூன் சோள மாவு சேர்த்து ஏழெட்டு நிமிடம் வதக்கி ஆறவைத்தோம். “அவருக்கு நறுக்கிக் குடுக்கிறப்ப, தோலோட குடுன்னுவாரு” என்றார் அம்மா. ஆறு வருடத்தில் அந்த 11 நாள்களைப் பற்றி அவர் பேசிய முதல் வாக்கியம் அது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரே மெதுவாகச் சொல்லிக்கொண்டு போனார்.

ஏழு அங்குலத் தட்டில் பாதி மாவைத் தேய்த்து விரித்து, ஆப்பிளை நிரப்பி, மீதி மாவால் மூடி, ஆவி வெளியேற நான்கு கீறல் போட்டேன். குண்டானை மூடிச் சூடேற்றியபோது உள்ளே படபடவென்று சத்தம். உப்புக் கல்லுக்குள் சிறைப்பட்டிருக்கும் துளி நீர் ஆவியாகி, கல்லை வெடிக்கவைக்கிறது. மற்றபடி பயமில்லை, உப்பு உருக 800 டிகிரிக்கு மேல் வேண்டும். 15 நிமிடம் கழித்து, உப்பின் மேல் ஸ்டாண்டு வைத்துத் தட்டை இறக்கினேன்.

குண்டானில் சூடு கீழேயிருந்துதான் வரும். அடி சிவந்தாலும் மேல்பக்கம் வெளுத்தே இருக்கும். “தம் போட மாட்டியா?” என்ற ஆயா, விறகடுப்பிலிருந்து வேலிகாத்தான் கட்டைத் தணலை அள்ளி, குண்டான் மேல் கவிழ்த்த இரும்புத் தட்டில் பரப்பினார். 55 நிமிடம். திறந்தபோது பட்டை வாசமும் வெண்ணெய் வாசமும் தெரு வரைக்கும் போனது. மேல்பக்கம் முறுக்குச் சிவப்பு.

உள்ளே சாறு இறுக, ஒரு மணி நேரம் ஆற வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அதுவரை திண்ணையை விட்டு நகரவில்லை.

அம்மா சாப்பிடுவாரா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பிள்ளைகளுக்கு, ஆயாவுக்கு, எனக்கு என்று வெட்டி வைத்தவர், கடைசியில் ஒரு துண்டை எடுத்துக் கடித்தார். “பரவால்ல. அதிரசத்துக்குள்ள பழம் வெச்ச மாதிரி இருக்கு” என்றார். இன்னொரு துண்டும் எடுத்தார்.

இந்தப் பையில் ஆப்பிள் இமாச்சலிலிருந்து வந்தது. பட்டையும் வெண்ணெயும் மைதாவும் எங்கிருந்தோ வந்தவை. மரக்காணத்துக்குச் சொந்தம் ஒரு சிட்டிகையும் அடியில் கிடந்த இரண்டு கிலோவும்தான். பிளட் பிரஷருக்காக உப்பைக் குறைக்கச் சொல்லி டாக்டர் கண்டித்திருக்கும் அம்மாவுக்கு, அந்தச் சிட்டிகை போதும். குண்டானில் இருந்த உப்பு சமையலுக்கு ஆகாது. அடுத்த பைக்கு என்று ஆயா டப்பாவில் போட்டு மூடிவைத்திருக்கிறார்.

மறுநாள் மிச்சமிருந்த துண்டுகளை டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு, இருட்டிலேயே அம்மா உப்பளத்துக்குக் கிளம்பினார். மதியம் திரும்பியதும், “கூட வேலை செய்றவங்க என்ன சொன்னாங்க?” என்று ஆவலாகக் கேட்டேன்.

“எல்லாம் நல்லாத்தான் இருக்காம். உப்பு மட்டும் கொஞ்சம் பத்தலையாம்!”