வடிகால் இல்லாத அறை

அந்த அறையில் குழாய் கிடையாது. முதல் மாடியில் பத்துக்குப் பன்னிரண்டு அளவில் ஓர் அறை, ஒரு ஜன்னல், கீழே போக இருபத்திரண்டு படிகள். வாடகை குறைவாக இருந்ததற்குக் காரணமே அதுதான். 2017இல் குரோம்பேட்டையில் அந்த அறையைப் பிடித்தபோது, தண்ணீர் இல்லாமல் எப்படி ஸ்பா நடத்துவாய் என்று கேட்காதவர்கள் இல்லை. அதற்கு முன் ஆறு வருடம் ஒரு பெரிய ஸ்பாவில் வேலை பார்த்திருந்தேன். அங்கே அறைக்கு ஒரு ஷவர். ஸ்க்ரப் தேய்த்து முடித்தால் வாடிக்கையாளரை உள்ளே அனுப்பிவிடலாம். மீதியைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும்.

இங்கே அந்த மீதியையும் நானே பார்க்க வேண்டியிருந்தது. கற்றுக்கொண்டேன். காபித்தூள் ஸ்க்ரப் ஆகாது. துகள் தோலில் ஒட்டிக்கொண்டு எத்தனை முறை துடைத்தாலும் போகாது. சர்க்கரையும் தேங்காய் எண்ணெயும் ஆகும். ஈரத்துணி பட்டதும் சர்க்கரை கரைந்துவிடும். முல்தானி மட்டியை நேராகப் பூசினால் காய்ந்து வெடித்துவிடும், கழுவத்தான் வேண்டும். மெல்லிய மல் துணியை முதுகில் விரித்து அதன் மேல் பூசினால் துணியோடு உரித்தெடுத்துவிடலாம். எல்லாவற்றையும்விட எளிது என் பாட்டி செய்ததுதான். எண்ணெய் தேய்த்த உடம்பில் கடலைமாவைப் போட்டுத் தேய்த்தால் அழுக்கும் எண்ணெயும் மாவோடு திரிதிரியாக உருண்டு விழும். சொட்டுத் தண்ணீர் வேண்டாம்.

சுடு துவாலைக்கு மிஷின் வாங்கக் காசில்லை. நனைத்துப் பிழிந்து சுருட்டிய சின்னத் துவாலைகளை இட்லிப் பானையில் ஆவி காட்டி, சப்பாத்தி வைக்கும் ஹாட்பாக்ஸில் அடுக்கி மூடுவோம். முக்கால் மணி நேரம் சூடு நிற்கும். ஒருவருக்குப் பன்னிரண்டு துவாலை. ஒருமுறை துடைத்த பக்கத்தை மடித்து அடுத்த பக்கத்தால் துடைக்க வேண்டும், நல்ல தண்ணீரில் மறுபடி முக்கக் கூடாது. நல்ல தண்ணீருக்கு நீலப் பக்கெட், அழுக்குத் தண்ணீருக்குச் சிவப்பு. கை கழுவ, குழாய் வைத்த சின்ன டிரம். துவாலை நனைக்க, கை கழுவ, தரை துடைக்க என்று ஒருவருக்கு ஒன்றரை பக்கெட்டில் முடித்துவிடுவேன். அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

ஆனால் அந்த ஒன்றரை பக்கெட்டை மாடிக்குக் கொண்டுவந்தது நான் இல்லை. உதவிக்கு ஓர் அக்கா இருந்தார். கீழே அடிபம்பில் அடித்து, இரண்டு கையிலும் இரண்டு பக்கெட்டாகத் தூக்கி வருவார். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. பதினைந்து லிட்டர் பக்கெட் இரண்டு என்றால் முப்பது கிலோ. ஒரு நாளைக்கு நான்கைந்து நடை.

தண்ணீர் மேலே வருவது பாதிக் கதைதான். அது திரும்பிக் கீழே போகவும் வேண்டும். அறை பிடித்த முதல் மாதமே வீட்டுக்காரம்மாவிடம் கேட்டேன், என் செலவிலேயே ஒரு பைப் இழுத்து, சின்ன சிங்க் வைத்துக்கொள்கிறேன் என்று.

“பைப் போட்டுக்கோ. அதுக்கொண்ணும் இல்ல. ஆனா அந்தத் தண்ணி எங்க போகும்? எங்க பாத்ரூம் லைன்லதானே போகணும்? கண்டவங்க உடம்பு தொடச்ச தண்ணி நம்ம வீட்டுக்குள்ள ஓட வேணாம்மா” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, சாதாரணமாகக் கேட்பதுபோல, “நீங்க என்ன ஆளுங்க?” என்றும் கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை. அவருக்குப் பதில் தேவையாகவும் இல்லை. அந்தத் தெருவில் யாருக்கு எந்த டம்ளர் என்று அறிந்து வளர்ந்தவள் நான். என் அம்மா வீட்டு வேலை செய்த இடங்களில் குடம் குடமாகத் தண்ணீர் பிடித்து வைப்பாள். அதே வீட்டில் அவள் குடிக்கும் டம்ளர் தனியாக ஜன்னலில் இருக்கும். நல்ல தண்ணீரைக் கொண்டுவர நம் கை ஆகும். நம் கை பட்டு வெளியேறும் தண்ணீர்தான் ஆகாது. குழாய் இல்லாத அறை என்று இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் அது வடிகால் மறுக்கப்பட்ட அறை.

எனவே சிவப்புப் பக்கெட்டும் படி இறங்கியது. தெருமுனைச் சாக்கடை வரை. வாடிக்கையாளர் கண்ணில் படாமல் இருட்டிய பிறகு கொண்டுபோகச் சொன்னேன். எண்ணெயும் மாவும் மிதக்கும் அந்தத் தண்ணீரைப் பார்த்தால் அருவருப்பார்கள் என்று பயம். ஒருநாள் அக்கா கேட்டார்: “ஏம்மா, அழுக்கு அவங்களது. வெக்கம் மட்டும் எப்படி எனக்கு வந்துச்சு?” சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நானும் சிரித்துச் சமாளித்தேன். வழக்கத்தை மாற்றவில்லை.

2019 கோடை வந்தது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது, ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். எங்கள் தெருவுக்கு ரயிலும் வரவில்லை, அடிபம்பிலும் காற்றுதான் வந்தது. லாரிக்குக் காத்திருக்கும் வரிசையில் இருந்ததெல்லாம் பெண்கள். ஆண்கள் வந்தால் பைக்கில் கேனோடு வருவார்கள், போய்விடுவார்கள். அக்கா விடியற்காலை நான்கு மணிக்குத் தன் வீட்டுக்கு வரிசையில் நிற்பார், பத்து மணிக்கு என் கடைக்கு நிற்பார். ஊரே குடத்தோடு அலையும்போது முதுகு துடைக்கத் தண்ணீர் பிடிக்கிறோமே என்று எனக்கு உறுத்தியது. ஆனால் வாடகையும் அக்காவின் சம்பளமும் நிற்காதே. வாரத்தில் மூன்று நாள் மட்டும் திறந்தேன்.

அப்படி ஒரு நாள். பதினோராவது படியில் பக்கெட்டை வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, கால்களை இறுக்கி நின்றுகொண்டிருந்தார் அக்கா. முகமெல்லாம் வேர்வை. மயக்கமா என்று கேட்டேன். இல்லை என்றார். திரும்பத் திரும்பக் கேட்ட பிறகு மெதுவாகச் சொன்னார்: “அடி எறங்குதும்மா. கனம் தூக்காதேன்னு ஆஸ்பத்திரில சொல்லி ஒரு வருசமாச்சு. சொன்னா நீ வேற ஆளப் பாத்துப்பியோன்னுதான் சொல்லல.”

கர்ப்பப்பை இறக்கம். மூன்று பிரசவம், அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்கச் சுமை. என் தொழில் பெண்களின் உடம்பு. தோளைத் தொட்டால் எங்கே இறுகியிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். தினமும் என் எதிரில் படியேறிய உடம்பை நான் ஒரு வருடம் பார்க்கவில்லை. மேஜையில் படுத்திருந்தவரை “ரிலாக்ஸ் ஆகுங்க” என்று தட்டிக்கொடுத்தபோது, அந்த ஓய்வின் எடை முழுவதும் வெளியே ஒருத்தியின் அடிவயிற்றில் இறங்கிக்கொண்டிருந்தது.

வீட்டிலேயே குழாய் இல்லாத குடும்பங்களில் பத்துக்கு ஏழில் தண்ணீர் சுமப்பது பெண்களும் சிறுமிகளும்தான் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் 2023இல் வெளியிட்ட அறிக்கை சொன்னது. படித்தபோது எனக்கு வியப்பில்லை. அதில் என்னைத் தைத்தது வேறு. சுமக்க வைப்பவர்களில் நானும் ஒருத்தியாக இருந்தேன்.

மறுநாளே பால்கனிக் கம்பியில் கிணற்றுக் கப்பி ஒன்றைக் கட்டினேன். அரை பக்கெட்டாகக் கயிற்றில் இழுத்தோம், இழுத்தது நான். சிவப்புப் பக்கெட்டையும் பட்டப்பகலில் நானே கொண்டுபோனேன். முதல் நாள் கை கூசியது. மூன்றாம் நாள் கூசவில்லை. அக்கா இட்லிப் பானைப் பொறுப்புக்கு மாறினார், அதே சம்பளத்தில். எழும்பூர் மகப்பேறு மருத்துவமனைக்கு நானும் கூடப் போனேன். விலைப்பலகையில் கடைசியாக ஒரு வரி சேர்த்தேன்: தண்ணீர்க் கூலி முப்பது ரூபாய். முகம் சுளித்தவர்கள் உண்டு. கொடுத்தவர்கள் அதிகம். ஒரு டீச்சர் மட்டும் ஜன்னல் வழியே கப்பியை எட்டிப் பார்த்துவிட்டு, “இத்தனை நாள் யார் தூக்கினாங்க?” என்று கேட்டார். அக்காவைக் காட்டினேன்.

வீட்டுக்காரம்மாவிடம் வடிகாலுக்காக இன்னும் இரண்டு முறை கேட்டேன். மறுத்துவிட்டார். 2021இல் வேறு இடம் பார்த்தேன். தரைத்தளம், வாடகை ஏறக்குறைய இரண்டு மடங்கு. காட்ட வந்த தரகர் ஆசையாகக் குழாயைத் திறந்து தண்ணீர் கொட்டுவதைக் காட்டினார். நான் அதைப் பார்க்கவில்லை. மூலையில் குனிந்து தரையில் வடிகால் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தேன். அக்கா அதில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினார். நிற்காமல் போயிற்று. “இது ஆகும்மா” என்றார். அட்வான்ஸ் கொடுத்தேன்.