என்னைப் பார், என்னை அடி

எதிராளி முதலில் கைகொடுத்தது என் மருமகனுக்கு.

அவனுக்கு 13 வயது. என் சார்ஜரையும் தண்ணீர்ப் போத்தலையும் தூக்கிக்கொண்டு துணைக்கு வந்திருந்தான். நீட்டிய கையைக் குலுக்கிவிட்டுத் திரும்பி என்னைக் காட்டினான். பதற்றத்தில் ஆங்கிலத்தில் சொல்லவேண்டியதைத் தமிழில் சொல்லிவிட்டான்: "மாமிதான் விளையாடுறா." அந்த இளைஞனுக்கு மொழி விளங்காவிட்டாலும் விஷயம் விளங்கியது. காது சிவக்க மன்னிப்புக் கேட்டான். பரவாயில்லை என்று சொல்லிவிட்டுக் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன்.

2023இல் லண்டனில் நடந்த ஒரு போகிமான் அழைப்புப் போட்டி அது. 16 ஆட்டக்காரர்கள். பெண் நான் ஒருத்தி.

போகிமான் என்றதும் பிள்ளைகளின் புத்தகப் பையில் இருக்கும் மஞ்சள் எலிதான் ஞாபகம் வரும் என்றால், கொஞ்சம் சொல்லவேண்டும். ஆளுக்கு ஆறு பிராணிகள். எதிராளியின் ஆறையும் பார்த்து, உங்கள் ஆறில் நாலைத் தெரிவுசெய்ய 90 விநாடி. களத்தில் பக்கத்துக்கு இரண்டாக நிற்கும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில், ஒருவருக்கொருவர் தெரியாமல் கட்டளை இடுவார்கள். பிறகு வேகமானது முந்தும். சதுரங்கத்தில் இருவரும் ஒன்றாகக் காய் நகர்த்தினால் எப்படியிருக்குமோ அப்படி. மற்றவர் என்ன நினைக்கிறார், நான் என்ன நினைப்பேன் என்று அவர் நினைக்கிறார் என்பதை ஊகிப்பதுதான் ஆட்டம். மாமியார் வீட்டில் இருந்த எவளுக்கும் இதில் பயிற்சி உண்டு.

திறந்த போட்டிக்குக் காசு கட்டினால் யாரும் போகலாம். அழைப்புப் போட்டிக்கு அவர்கள் கூப்பிடவேண்டும். உலக சாம்பியன்ஷிப்பே அப்படித்தான்: பெரும்பாலும் ஆண்டு முழுக்கப் புள்ளி சேர்த்தவர்களுக்குத்தான் அழைப்பு வரும். 2022 ஓகஸ்டில் அது லண்டன் எக்ஸெல் மண்டபத்தில் நடந்தபோது மருமகனோடு பார்க்கப் போனேன். நாங்கள் இருக்கும் ஈஸ்ட் ஹாமும் அந்த மண்டபமும் ஒரே நியூஹாம் நகரசபைக்குள்தான். அங்கே ஆண்கள் கழிப்பறைக்கு வாசல் தாண்டி வரிசை நின்றது. பெண்கள் கழிப்பறையில் நான் தனியே. கல்யாண மண்டபம், கோயில் திருவிழா, சினிமாத் தியேட்டர் என்று வாழ்நாள் முழுக்க வரிசையில் நின்றவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. கை கழுவும்போது சிரிப்பு போய்விட்டது. அந்த முறை வீடியோ விளையாட்டுப் பிரிவில் போர்த்துக்கல்லைச் சேர்ந்த எடுவார்டோ குன்யா வென்றார். 2009இலிருந்து அதுவரை பெரியவர்கள் பிரிவில் அந்தப் பட்டத்தை வென்ற எல்லோரும் ஆண்கள்.

எனக்கு அழைப்பு வந்த போட்டி அதைவிட மிகச் சிறியது. 12 இடங்கள் புள்ளிப்படி, மிச்சம் 4 இடங்கள் ஏற்பாட்டாளர்களின் விருப்பப்படி. நான் எதில் வந்தேன் என்று மின்னஞ்சலில் இல்லை. நானே கூட்டிப் பார்த்தேன். ஒரு கணக்கில் பதினொன்றாவது, இன்னொரு கணக்கில் பதின்மூன்றாவது. விளம்பரப் படத்தில் மட்டும் 16 முகங்களுக்கும் நடுவில் என் முகம். நடுவில் நிற்க என் புள்ளி காணாது என்பது எனக்குத் தெரியும். ஏற்பாட்டாளர் ஒருவரிடம் நேரடியாகவே கேட்டேன். "எப்படியென்றாலும் நீங்கள் வந்தது நல்லதுதானே" என்றார். நல்லதுதான். ஆனால் மற்ற 15 பேரில் யார் தோற்றாலும் அன்றைக்குத் தோற்றவர், அவ்வளவுதான். நான் தோற்றால், இவளை ஏன் கூப்பிட்டார்கள் என்று கேட்க அங்கே ஆள் இருந்தது.

இந்த விளையாட்டை நான் படித்தது அண்ணாவின் கேம் போயில். 1999 கடைசியில், எனக்குப் பத்து வயதில், மாமா அவருக்கு வாங்கிக்கொடுத்தது. அந்தக் கார்ட்ரிஜில் ஒரே ஒரு ஆட்டத்தைத்தான் சேமிக்கலாம். இன்னொருவர் புதிதாகத் தொடங்கிச் சேமித்தால் முன்னவருடையது அழிந்துவிடும். அண்ணா சனிக்கிழமை ரியூஷனுக்குப் போனதும் நான் எடுப்பேன். குசினியிலிருந்து அம்மாவின் குரல் வரும்: "அண்ணான்ர கேமை அழிச்சுப் போடாத பிள்ளை." அழிக்கவில்லை. இரண்டு மணித்தியாலம் என் ஆட்டத்தை விளையாடிவிட்டு, சேமிக்காமல் நிறுத்துவேன். அடுத்த சனி மறுபடி முதல் ஊரிலிருந்து. இப்படி எத்தனை சனி போனது என்று எனக்கே தெரியாது. முதல் இரண்டு மணித்தியால ஆட்டம் மட்டும் கண்ணை மூடினாலும் தெரியும்.

பிறகு அண்ணாவுக்கு அலுத்துவிட்டது. "நீயே வைச்சிரு" என்றார். அப்போதாவது அழித்திருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. அவருடைய ஆட்டத்தையே விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். பிடிபடும் ஒவ்வொரு பிராணியிலும், பிடித்தவரின் பெயர் பதிவாகும். நான் பிடித்து, நான் வளர்த்த நூற்றுச்சொச்சப் பிராணிகளிலும் அண்ணாவின் பெயர். பெண்பிள்ளையாக விளையாடும் வசதியே 2000இல் ஜப்பானில் கிரிஸ்டல் பதிப்பு வந்த பிறகுதான் கிடைத்தது. ஆகவே அப்போது அது வினோதமாகக்கூடத் தெரியவில்லை.

இப்போது இண்டீடியைப் பற்றிச் சொல்லவேண்டும். அது இல்லாமல் என் அணி இல்லை.

இண்டீடி 2019இல் வந்த ஸ்வோர்ட், ஷீல்ட் பதிப்புகளில் அறிமுகமானது. ஆணும் பெண்ணும் வேறுவேறு. ஆணுக்குத் தாக்குதலும் வேகமும் கொஞ்சம் கூட. பெண்ணுக்கு உயிர்ப்புள்ளியும் தாங்கும் சக்தியும் கொஞ்சம் கூட. 'ஃபாலோ மீ' என்ற வித்தை பெண்ணுக்கு மட்டும்தான் வரும். அந்தச் சுற்றில் அருகில் நிற்பவரைக் குறிவைத்து வரும் அடிகளை அது தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். என்னைப் பார், என்னை அடி, அவளை விடு. பிராணிகளின் அகராதியிலோ, பெண் இண்டீடி குழந்தை பார்ப்பதில் விசேஷமாகக் கெட்டி என்று எழுதிவைத்திருக்கிறார்கள். இதை முதன்முதலில் வாசித்தபோது யாரோ எங்கள் வீட்டை எட்டிப் பார்த்து எழுதியதுபோல இருந்தது. எரிச்சலும் வந்தது. விளையாட்டிலுமா?

ஆனாலும் நான் அதைத்தான் எடுத்தேன். காரணம் வெல்வதற்கு அது நல்லது. அதன் அருகில் ஹாட்டரீன் நிற்கும். அந்த இனத்தில் ஆணே கிடையாது. ஹாட்டரீன் மெதுவானது. அது 'ட்ரிக் ரூம்' போட்டுவிட்டால் ஐந்து சுற்றுக்கு உலகம் தலைகீழ், மெதுவானது முந்தும். ஆனால் அந்த வித்தை சுற்றின் கடைசியில்தான் நடக்கும். அதுவரை ஹாட்டரீனை உயிரோடு வைத்திருக்க யாராவது அடி வாங்கவேண்டும்.

இந்த வேலையைப் பற்றி ஒரு பழைய கதை எல்லா ஆட்டக்காரருக்கும் தெரியும். 2014இல் வாஷிங்டனில் நடந்த உலகப் போட்டியில் தென்கொரியாவின் சேஜுன் பாக், யாரும் மதிக்காத பச்சிரிசு என்ற குட்டி அணிலைக் கொண்டுவந்து, இதே ஃபாலோ மீயால் அடிகளை வாங்கவைத்துப் பட்டம் வென்றார். மேதைமை என்றார்கள். மேதைமைதான், எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது. அதே வித்தையை நான் ஆடும்போது, 'பொறுமையான பெண், பாதுகாப்பாக விளையாடுகிறாள்' என்கிறார்கள். ஒருவர் என் முகத்துக்கு நேரே, தன் காதலிக்கும் இந்தச் செல்லப் பிராணிதான் பிடிக்கும் என்றார். பாராட்டு என்றே நினைத்திருப்பார்.

அந்த முதல் ஆட்டத்துக்கு வருகிறேன். எதிரே ஃப்ளட்டர் மேனும் கோல்டெங்கோவும். அந்த ஆண்டில் எங்கே போனாலும் இந்த இரண்டையும் பார்க்கலாம். என் பக்கம் இண்டீடியும் ஹாட்டரீனும். ஒருவர் அணியில் என்ன வித்தை, என்ன பொருள் என்பதை மற்றவர் தாளில் பார்க்கலாம் என்பது விதி. ஆகவே அவனுக்கு என் திட்டம் தெரியும். ஃபாலோ மீ, ஒருவரைக் குறிவைக்கும் அடியை மட்டும்தான் இழுக்கும். எல்லோர்மேலும் விழுவதைத் தடுக்காது. கோல்டெங்கோ தங்க நாணயத்தால் ஆன பிராணி. அது காசை மழையாக எறிந்தால் இரண்டு பேருக்கும் விழும். அவன் அதைத்தான் செய்வான் என்று எனக்கும் தெரியும். ஆகவே ஹாட்டரீனின் இடுப்பில் ஒரு பட்டியைக் கட்டியிருந்தேன். முழு உயிரோடு இருக்கும்போது எவ்வளவு பெரிய அடி விழுந்தாலும் ஒரு புள்ளி உயிரை மிச்சம் வைக்கும் பட்டி.

ஃப்ளட்டர் மேனின் அடி இண்டீடிக்குத் திரும்பியது. காசு மழை இருவர் மேலும் கொட்டியது. இண்டீடி சரிந்தது. ஹாட்டரீன் ஒற்றைப் புள்ளி உயிரோடு ட்ரிக் ரூமைப் போட்டது. இண்டீடியின் இடத்துக்கு டோர்கோல் என்ற ஆமையை இறக்கினேன். ஆட்டத்திலேயே ஆக மெதுவானவற்றில் ஒன்று. அடுத்த சுற்றில் அது எல்லோருக்கும் முந்தி எரிமலையாகக் கக்கியது. கோல்டெங்கோ எரிந்து போனது. தப்பிய ஃப்ளட்டர் மேனை ஹாட்டரீன் முடித்தது. பிறகு அவனால் எழும்ப முடியவில்லை.

இரவு வர்ணனையைப் போட்டுக் கேட்டேன். ஆமையைப் பற்றி நாலு நிமிடம், பட்டியைப் பற்றி ஒரு நிமிடம். இண்டீடி விழுந்ததை, 'ஒன்று போய்விட்டது' என்றார்கள். அதைப் போகவிட்டது நான் என்று யாரும் சொல்லவில்லை. எந்தச் சுற்றில் விழவேண்டும், விழும்போது எதை வாங்கிக்கொண்டு விழவேண்டும் என்று அந்த வாரம் முழுக்க, பிள்ளை நித்திரையான பிறகு, கொப்பியில் கணக்குப் போட்டிருந்தேன். வீட்டில் நான் செய்யும் விட்டுக்கொடுப்புகளுக்கு இப்படியொரு கணக்கு இல்லை. ஐந்து சுற்றில் முடியும் என்ற உத்தரவாதமும் இல்லை.

காலிறுதியில் தோற்றேன். ஒரு 19 வயதுப் பெடியன். சுத்தமான ஆட்டம், குறை சொல்ல எதுவும் இல்லை. நான் எந்தப் பட்டியலில் வந்தேன் என்று இன்றுவரை தெரியாது. பஸ்ஸில் வரும்போது அண்ணா போன் எடுத்தார். மகனோடு பேசிவிட்டு என்னிடம் கேட்டார்: "அந்தப் பழைய கார்ட்ரிஜ் கிடக்கே? இவனுக்குக் காட்டு."

அம்மாவின் அலுமாரியில், கோயில் பத்திரிகைகளுக்கு அடியில் கிடந்தது. அந்தக் காலத்துக் கார்ட்ரிஜ்களுக்குள் ஒரு சின்ன பற்றரி இருக்கும். சேமித்ததைக் காப்பது அதுதான். அது செத்து எவ்வளவு காலமோ. விட்ட இடத்திலிருந்து தொடரும் வரி வரவில்லை. புதிய ஆட்டம் என்பது மட்டும்தான் வந்தது.

"அப்பாட எல்லாம் போச்சா மாமி?" என்றான்.

"என்ரையும்தான்" என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. பெயர் கேட்கும் திரை வரும்வரை பொத்தானை அழுத்தினேன்.