ரோமத்துக்குத் திசை சொன்னது யார்?

ஜொகூர் தோட்டப்புறங்களில் மாடு வளர்த்த நம்மவர்கள், ஊரிலிருந்து கொண்டுவந்த வழக்கப்படி சுழி பார்த்தே மாடு பிடித்தார்கள். முதுகு ரோமம் ஏறுமுகமாக ஓடினால் ஏறுபூரான், ஆகிவரும். இறங்குமுகமாக ஓடினால் இறங்குபூரான், ஆகாது. அந்தப் பலன்களை நான் ஏற்கவில்லை. ஆனால் அவர்கள் கவனித்தது உண்மை: ரோமம் தாறுமாறாக முளைப்பதில்லை, பக்கத்து ரோமத்தோடு ஒத்துப்போய் ஒரே பக்கம் சாய்கிறது. இந்தத் திசை எங்கே பிறக்கிறது என்று தேடப் புகுந்தேன். தேடல் மாட்டை விட்டுப் பூச்சிகளிடம் கொண்டுபோனது.

1959இல் மைக்கேல் லாக், ரத்தம் குடிக்கும் ரோட்னியஸ் பூச்சியின் தோலில் சிறு சதுரங்களை வெட்டி இடம் மாற்றி ஒட்டினார். உடலின் அடுத்த கண்டத்தில் (வளையப் பகுதியில்) அதே மட்டத்தில் ஒட்டியபோது தோலின் வரிகள் குலையவில்லை; வேறு மட்டத்தில் ஒட்டினால் குலைந்தன. 1966இல் பீட்டர் லாரன்ஸ், எருக்கின் உறவுச் செடிகளில் வாழும் ஒரு நாவாய்ப்பூச்சியின் ரோமங்களை ஆராய்ந்தார். கண்டத்தின் ஒரு முனையில் மிகுந்தும் மறுமுனையில் குறைந்தும் ஏதோ ஒன்று இருக்கிறது, அதன் சரிவைப் படித்தே உயிரணு திசை அறிகிறது என்ற கருத்து இப்படித்தான் வலுப்பட்டது. அழகான கருத்து. ஆனால் அதை மட்டும் பிடித்துக்கொண்டால், மேலிருந்து ஒரு கட்டளை, கீழே கேட்டு நடக்கும் உயிரணுக்கள் என்ற சித்திரமே மிஞ்சும். அது போதாது என்பதே என் வாதம்.

பழ ஈயின் இறக்கையில் ஓர் உயிரணுவுக்கு ஒரு ரோமம். அது இறக்கை நுனி நோக்கிய மூலையில் முளைக்கிறது. ஃபிரிசில்டு என்ற மரபணு கெட்டால் உயிரணுவின் நடுவிலேயே முளைத்துத் திசை மாறிவிடும். 1987இல் வின்சனும் ஆட்லரும் இன்னொன்றைக் காட்டினார்கள்: அந்த மரபணு கெட்ட திட்டுக்கு அப்பால், நுனிப் பக்கமுள்ள நல்ல உயிரணுக்களும் திசை மாறுகின்றன. அண்டை உயிரணுவின் செய்தி கெட்டால் நல்லதும் தடுமாறும் என்பதற்கு இதைவிட நேரடிச் சான்று வேண்டியதில்லை. எப்படி என்பது பிறகு புலப்பட்டது. நுனிப் பக்க விளிம்பில் ஃபிரிசில்டு, டிஷெவல்டு, டியகோ புரதங்கள் சேர்கின்றன, அடிப் பக்க விளிம்பில் வான்கோ, பிரிக்கிள், இரண்டிலும் ஃபிளமிங்கோ. ஓர் உயிரணுவின் ஃபிரிசில்டு விளிம்பு, எல்லைக்கு அப்பாலுள்ள உயிரணுவின் வான்கோ விளிம்போடு கைகோக்கிறது. ஒரே உயிரணுவுக்குள் இரு தரப்பும் ஒன்றையொன்று விரட்டுகின்றன. சிறு சாய்வும் இப்படியே பெருகி நிலைத்துவிடுகிறது.

அண்டையார் ஒத்துப்போகலாம், ஆனால் எல்லோரும் நுனியையே நோக்க வேண்டும் என்று முடிவு செய்தது யார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வின்ட் என்ற புரதங்களே அந்தக் கட்டளை என்று 2013இல் ஓர் ஆய்வு சொன்னது. 2020இல் இரு ஆய்வகங்கள் தனித்தனியே சோதித்தபோது, அவை இல்லாமலும் இறக்கை ரோமங்கள் ஒழுங்காகவே இருந்தன. ஃபேட், டாக்சஸ் என்ற வேறொரு புரத ஜோடிக்கும் பங்குண்டு. அது குலைந்தால் ரோமங்கள் சுழிசுழியாகத் திரும்பும், ஆனால் சுழிக்குள்ளும் அண்டை ரோமங்கள் ஒத்தே போகும். 2010இல் சூசன் ஈட்டன் குழு காட்டியதுதான் என்னை மிகவும் கவர்ந்தது: இறக்கையின் அடிப்பகுதி சுருங்கும்போது மற்ற பகுதி இழுபட்டு, உயிரணுக்கள் நகர்ந்து, முன்பிருந்த திசையே மாறிவிடுகிறது. சரிவும் இழுவையும் ஆளுக்குக் கொஞ்சம் தள்ளிவிட, அண்டையார் அதைப் பெருக்கி உறுதிசெய்கிறார்கள். ஒற்றை அதிகாரி கிடையாது.

பூச்சிக்குப் பொருந்துவது பாலூட்டிக்குப் பொருந்துமா? 2004இல் ஜெரமி நேதன்ஸ் ஆய்வகம் ஃபிரிசில்டுக்கு ஈடான ஃபிரிசில்டு6 மரபணு நீக்கிய எலிகளின் பாதங்களில் சுழிகளைக் கண்டது. அந்த எலிகள் பிறக்கும்போது முதுகு ரோமங்கள் சிதறிக் கிடந்து, அடுத்த நாட்களில் ஒன்றையொன்று பார்த்து வரிசைக்கு வருவதை அதே ஆய்வகம் 2006இல் காட்டியது. திசை சொல்வது கெட்ட பிறகும் அண்டை ஒழுங்கு தானே எழுகிறது. இது ரோமத்தோடு நிற்கும் சங்கதியுமல்ல. கருவில் தண்டுவடம் உருவாகும் குழாய் மூட, உயிரணுக்கள் நடுக்கோட்டை நோக்கி ஒன்றின் இடையில் ஒன்று புக வேண்டும். ஈயின் வான்கோவுக்கு ஈடான வாங்கில்2 கெட்ட எலிக்குஞ்சுகளில் அந்தக் குழாய் திறந்தே கிடக்கிறது. அதன் உடன்பிறப்பான வாங்கில்1 மரபணுவின் பிழைகளை, அத்தகைய குறையோடு பிறந்த மனிதர்கள் சிலரிடம் 2007இல் கண்டுபிடித்தார்கள்.