கட்டங்களில் நடப்பவன்

பிறர் எழுதிய பாத்திரங்கள் நடமாடவில்லை என்று பத்து வருஷமாக எழுதிவருகிறவன் நான். போன மழைக்காலத்தில், பாங்க் முடிந்து வந்த இரவுகளில், பையனுக்காக ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு எழுத உட்கார்ந்தேன்.

திரையில் தெரியும் சுவருக்குப் பின்னால் இருப்பது பழைய லெட்ஜர் மாதிரி ஒரு கட்டம்போட்ட அட்டவணை. பூஜ்யம் என்றால் தரை, ஒன்று என்றால் சுவர். ஒரு கட்டம் 16 பிக்ஸல். ஆள் அடியெடுத்து வைக்குமுன், போகப்போகிற இடத்தை 16-ஆல் வகுத்து, மீதியைத் தள்ளி, அந்தக் கட்டத்தில் என்ன எண் என்று பார்க்கவேண்டும். ஆளின் நடுப்புள்ளியை மட்டும் பார்த்தேன். பாதி உடம்பு சுவரில் புதைந்தபடி நடந்தான். நான்கு மூலைகளையும் பார்த்தேன். சுவரோரமாகக் குறுக்கே போனால் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டான். முதலில் பக்கவாட்டில் நகர்த்திச் சோதித்து, அப்புறம் மேல்கீழாக நகர்த்திச் சோதிக்கவேண்டும் என்று புரிய மூன்று ராத்திரி ஆயிற்று. பிறகு சுவரை உரசிக்கொண்டே வழுக்கிப் போனான். ஒரு எட்டுக்கு 40 பிக்ஸல் என்று வேகத்தைக் கூட்டினால், சுவரைத் தொடாமலே அதற்கு அந்தப் பக்கம் இருந்தான். அத்தியாய இடைவெளிகளில் இப்படித் தாண்டுகிறவர்கள் நம் நாவல்களிலும் உண்டு.

பேய்களுக்கான விதியை பாக்மேனிலிருந்து எடுத்தேன். ஜப்பானின் நாம்கோ கம்பெனியில் டோரு இவாடானி உருவாக்கி 1980-இல் வந்த விளையாட்டு. அதில் பேயும் பாக்மேனும் ஒரே கட்டத்தில் இருந்தால்தான் பிடிபட்டதாகக் கணக்கு. எதிரெதிரே வரும் இருவரும் ஒரே கணத்தில் கட்டம் மாற்றிக்கொண்டால், ஒருவரை ஒருவர் ஊடுருவிப் போய்விடுவார்கள். கண்ணுக்கு மோதல், கணக்கில் சந்திப்பே நிகழவில்லை.

"அப்பா, பேய் என் மேலேயே போச்சு, நான் சாகலையே" என்றான் பையன்.

அதில் ஒரு அமானுஷ்ய அழகு இருப்பதாகச் சொன்னேன். பழக்கதோஷம்.

"இல்லப்பா, தப்பு."

இரண்டு பெட்டிகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுகிறதா என்று சோதிக்கும்படி மாற்றினேன். பேய் பிடித்தது. பையன் திருப்தியாகச் செத்தான்.

எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் நண்பனின் நாவலை நாலு வரியில் நிராகரித்திருந்தேன். 'பாத்திரங்கள் சந்திப்பதில்லை' என்பது அதில் ஒரு வரி. எந்தப் பக்கத்தில், எந்த அடியில் என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவன் என்னோடு பேசவில்லை. புத்தகம் பரணில் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இறக்கவேண்டும்.