உடலுக்கும் உண்டு ஆண்டுக் கணக்கு

ஷஃபான் மாதம் பிறந்துவிட்டால், எங்கள் ஓசூர் வட்டாரத்தில் கடை வைத்திருப்போரும் பட்டறை நடத்துவோரும் ஜகாத் கணக்குக் கேட்க வருவார்கள். சரக்கு எவ்வளவு, ரொக்கம் எவ்வளவு, வரவேண்டிய கடன் எவ்வளவு என்று காசு பிசகாமல் சொல்வார்கள். "உங்கள் இரத்த அழுத்தம் எவ்வளவு?" என்று கேட்டால் மட்டும் விடை வராது.

"ஹஜ்ரத், நோயாளிதானே மருத்துவரிடம் போக வேண்டும்? எனக்கு என்ன குறை?" என்பார்கள். கேள்வியிலேயே பிழை இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த இப்னு ஸீனா, தம் 'அல்கானூன்' நூலின் தொடக்கத்திலேயே மருத்துவத்துக்கு இரு பணிகளை வகுத்தார். இருக்கும் நலத்தைக் காப்பது ஒன்று. இழந்த நலத்தை மீட்பது மற்றொன்று. நாமோ இரண்டாவதை மட்டுமே மருத்துவம் என்று எண்ணுகிறோம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023இல் வெளியான ஆய்வொன்று, நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவும், 31 கோடிக்கு மேற்பட்டோருக்கு இரத்தக் கொதிப்பும் இருப்பதாக மதிப்பிட்டது. இவ்விரண்டும் பல்லாண்டுகள் வலியின்றி உடலில் குடியிருக்கக் கூடியவை. வலிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றிருப்பவரின் சிறுநீரகமும் கண்ணும் இதயமும் அதற்குள் பழுதாகியிருக்கும்.

என் மாணவன் ஒருவனின் தந்தை, சிறு பட்டறையொன்றில் லேத் ஓட்டியவர். காலில் இரும்புச் சீவல் கிழித்த காயம் மூன்று வாரமாகியும் ஆறவில்லை. அதன் பிறகே சர்க்கரை பார்த்தார்கள். இரு விரல்களை எடுக்க நேர்ந்தது. பையன் ஓதுவதை நிறுத்திவிட்டு, தந்தை நின்ற இயந்திரத்தின் முன் போய் நின்றான். குடும்பத் தலைவனின் உடல் அவனுக்கு மட்டும் உரியதன்று; அது ஓர் அமானத்.

வழியில்லை என்று சொல்லவும் இடமில்லை. 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்டது நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். 2025 நவம்பர் 21 அன்று புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபோது, 40 வயதைக் கடந்த தொழிலாளர்க்கு ஆண்டுக்கொருமுறை இலவச உடல் பரிசோதனை உண்டு என மத்திய அரசு அறிவித்தது. நிர்வாகத்திடம் அதைக் கேட்டுப் பெறுவதில் வெட்கம் எதற்கு?

ஆயினும் ஒரு தடையை நான் கண்டிருக்கிறேன். சுகாதாரப் பணியாளர் வீடு தேடி வரும் வேளையில் ஆண் ஆலையில் இருப்பான். அல்லது அத்திப்பள்ளி கடந்து கர்நாடகத்துக்கு வேலைக்குப் போயிருப்பான். இரவு முறை முடித்தவனோ உறங்கிக்கொண்டிருப்பான். பெண்கள் பார்த்துக்கொள்கிறார்கள், ஆண்கள் விடுபடுகிறார்கள். ஆனால் ஜும்ஆவுக்கு அவர்களுள் பலர் வருகிறார்கள். ஆண்டுக்கொருமுறையேனும் ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் முற்றத்தில் பரிசோதனை முகாம் நடத்த ஜமாஅத்தார் முன்வரலாகாதா?

பார்க்க வேண்டியவை அதிகமில்லை. இரத்த அழுத்தம் 140/90ஐ எட்டினாலோ, வெறும் வயிற்றுச் சர்க்கரை 126ஐ எட்டினாலோ மருத்துவர் மீண்டும் ஒருமுறை பார்த்து உறுதி செய்வார். கொழுப்பின் அளவையும் பார்த்துக்கொள்ளலாம். புகையிலைப் பழக்கம் உள்ளவர் வாயையும் காட்ட வேண்டும். ஆறாத புண்ணும் வெண்திட்டும் புற்றுநோயின் முன்னறிவிப்பாக இருக்கக்கூடும். பரிசோதனைக்கு இரத்தம் கொடுப்பதால் நோன்பு முறியாது என்பது மார்க்க அறிஞர் பெரும்பாலோரின் கருத்து. எனினும் ரமலானுக்கு முன்பே பார்த்துவிட்டால், நோன்பு நோற்கலாமா, மருந்தை எவ்வேளைக்கு மாற்றுவது என்பதை மருத்துவர் சொல்ல அவகாசம் கிடைக்கும்.

வீட்டுப் பெண்மணிகளுக்கும் ஒரு வேண்டுகோள். "எனக்கு ஒன்றுமில்லை" என்னும் சொல்லை ஏற்றுக்கொள்ளாதீர்கள். சோதனைச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நிறைந்த ஆஃபியத்தை அருள்வானாக!