பேத்தியின் கையெழுத்தில்

ஜூன் 9
இடது கண்ணில் ரத்தக் கசிவு. சர்க்கரையின் வேலை. லேசர் வைத்து அனுப்பிவிட்டார்கள். குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. வலது கண் முன்பே மங்கல். ஸ்கெட்ச் பேனாவில் பெரிதாக எழுதுகிறேன், விட்டுப்போய்விடக் கூடாது என்று.

ஜூன் 10
விடியுமுன்னே மார்க்கெட்டுக்குப் போகும் தக்காளி வண்டிகள். வேறொன்றுமில்லை.

ஜூன் 14
பீரோவைத் திறந்தேன். கல்யாணமான காலத்திலிருந்து எழுதிய கதை நோட்டுகள். இன்னொரு தடவை திருத்தி அனுப்பலாம் என்று வைத்தவை. பக்கமெல்லாம் கொசு மொய்த்த மாதிரி இருக்கிறது. என் எழுத்தையே என்னால் படிக்க முடியவில்லை. அழுதேன்.

ஜூன் 15
ராத்திரி முழுக்கக் கோவை ஞானி நினைப்பு. 1935இல் சோமனூரில் பிறந்த தமிழாசிரியர். அவர் பார்வையையும் சர்க்கரைதான் கொண்டுபோனது. பிறர் வாசிக்கக் கேட்டார், சொல்லி எழுதவைத்தார். ‘தமிழ்நேயம்’ இதழ் நடத்தினார், புத்தகம் மேல் புத்தகம் போட்டார். 2020 ஜூலையில்தான் போய்ச்சேர்ந்தார்.

1971இல் கோவையில் ‘வானம்பாடி’ கவிதை இதழ் தொடங்கிய கூட்டத்திலும் அவர் உண்டு. ‘விலையிலாக் கவிமடல்’ என்று போட்டு சும்மாவே கொடுத்தார்கள். பாதி வெறும் கோஷம் என்று பேசினவர்கள் உண்டு. இருக்கட்டுமே! அத்தனை பேர் அத்தனை எழுதிக் கைக்குக் கை கொடுக்காவிட்டால், யாப்புத் தெரியாத பையன் பேனா எடுக்கத் துணிந்திருப்பானா? நம் பொள்ளாச்சிப் பக்கத்துக் கவிஞர் சிற்பியும் அந்தக் கூட்டம்தான். ‘ஒரு கிராமத்து நதி’க்கு 2002இன் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. எது நிற்கும், எது உதிரும் என்று எழுதும்போதே யாருக்குத் தெரியும்?

ஜூன் 16
மனசு சரியில்லை.

ஜூன் 21
சாயங்காலம் பேத்தியை உட்காரவைத்துக் கதை சொன்னேன். ஒரு வரி சொல்வதும், “அதை அடிச்சிரு” என்பதுமாக இருந்தேன். பேனாவை மூடிவிட்டாள்.

“அம்மாயி, அடிக்கிறதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம். கதையச் சொல்லுங்க.”

“சரியா வரோணுமல்லொ கண்ணு.”

“கெணத்துல எறங்குன அந்தப் பொம்பள மேல வந்தாளா இல்லியா? அதச் சொல்லுங்க மொதல்ல.”

விளக்கு வைக்கும்வரை சொன்னேன். மேலே வந்துவிட்டாள்.

ஜூன் 24
கேட்காமல் கதையைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோயிருக்கிறாள். ஆத்திரம் தாங்கவில்லை. சாப்பிடவில்லை.

ஜூன் 26
தாள் ஊர் சுற்றிப் பக்கத்து வீட்டுக்கும் போயிருக்கிறது. அந்த அக்கா வேலியோரம் நின்று கேட்டார்: “ஏனுங், கவலை ஓட்டறதுல வடக்கயித்த எழுதீட்டு வால்கயித்த உட்டுப்போட்டீங்களே?” அவர் அப்பன் கவலை ஓட்டியவர், எருது பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைத்தவர். வால்கயிற்றைக் கையில் பிடித்தபடி, எருதுகளோடு வாரியில் இறங்கிப் பின்னாலேயே ஏறியதை நடந்தே காட்டினார். ஒரு மணி நேரம் பேசினோம். இன்னொரு கதை இருக்கிறது அதில்.

ஜூன் 27
சொன்னேன். எழுதினாள். தாளை அவளே எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

ஜூலை 4
மறுபடி கசிவு. அடுத்த வாரம் இன்னொரு லேசர். பேத்திக்குப் பரீட்சை வருகிறது. எருதுக்காரர் கதை பாதியில் நிற்கிறது. அந்த அக்காவுக்கு எழுத வருமா என்று நாளைக்குக் கேட்க வேண்டும்.