கராஜில் நிற்கும் 745 சிசி

மெக்கானிக் அனுப்பிய எஸ்டிமேட் 1,140 டாலர். இரண்டு டயர், ஃபோர்க் ஆயில் சீல், பிரேக் ஃப்ளூயிட், கார்புரேட்டர் சுத்தம், அப்புறம் கூலி. வண்டியை நான் வாங்கியதே 3,200 டாலருக்குத்தான். இன்றைக்கு விற்றால் மூவாயிரம் கிடைத்தால் பெரிய விஷயம். இப்படி ஒரு கணக்கு எதிரில் வந்து நின்றால் சாஃப்ட்வேர்காரன் என்ன செய்வான்? ஸ்ப்ரெட்ஷீட் திறப்பான். நானும் திறந்தேன். ஒரு பத்தியில் 'வைத்துக்கொள்', அடுத்த பத்தியில் 'விற்றுவிடு'. மூன்று வாரமாக லேப்டாப்பில் அந்த ஃபைல் மூடாமலே கிடந்தது.

வண்டி 2007 ஹோண்டா ஷேடோ ஏரோ. வி வடிவத்தில் இரண்டு சிலிண்டர், 745 சிசி. செயின் கிடையாது, ஷாஃப்ட்தான். அதனால் செயினுக்கு எண்ணெய் போடுகிற வேலை இல்லை. எடை ஏறக்குறைய 250 கிலோ. ரிட்டையர் ஆன ஒரு பெரியவரிடம் வாங்கினேன். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அவரால் காலைத் தூக்கிப் போட முடியவில்லை. இரண்டு வருஷம் ஓடாமல் நின்றதில் பழைய பெட்ரோல் பிசின் மாதிரி கார்புரேட்டரில் படிந்திருந்தது. டயர் பக்கவாட்டில் 2118 என்று நான்கு இலக்கம். 2018-ம் வருஷம் 21-வது வாரம் தயாரானது என்று அர்த்தம். பழைய வண்டி வாங்குகிற யாரும் முதலில் குனிந்து பார்க்க வேண்டியது அந்த எண்ணைத்தான். டயரில் பட்டன் புதிதாகத் தெரியும், ரப்பர் மட்டும் உள்ளுக்குள் இறுகிப் போயிருக்கும். அதைக் காட்டித்தான் 300 டாலர் குறைத்தேன்.

இந்த ஆசை அமெரிக்காவில் வந்ததில்லை. திருச்சியில் நான் இன்ஜினியரிங் படித்தபோது ஹாஸ்டலில் ஒரு சீனியரிடம் யமஹா என்டைசர் இருந்தது. 125 சிசி கூட முழுதாக இல்லாத வண்டி. ஆனால் அகலமான ஹேண்டில்பார், தாழ்ந்த சீட், காலை முன்னால் நீட்டி உட்கார்ந்தால் ராஜா மாதிரி இருக்கும். பஜாஜ் அவெஞ்சர் 2005-ல் வந்ததும் அவர் மதிப்பு கொஞ்சம் இறங்கியது, அது வேறு கதை. ராயல் என்ஃபீல்டு என்னதான் 1955-லிருந்து நம்ம திருவொற்றியூர்க்காரனாக இருந்தாலும் அந்த விலைக்கு நாங்கள் பக்கத்தில் போக முடியாது. குரூசர் என்றால் எங்களுக்கு அந்த என்டைசர்தான். வளைவே இல்லாமல் மணிக்கணக்கில் நீளும் ரோடுகளுக்காகப் பிறந்த உட்காரும் முறை அது என்பதெல்லாம் இங்கே வந்து நெவாடா பக்கம் கார் ஓட்டிப் போனபோதுதான் விளங்கியது. சத்திரம் பஸ் ஸ்டாண்டு நெரிசலில் காலை நீட்டிக்கொண்டு போவதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை, பந்தாதான்.

வண்டி வாங்கிய அன்று வீடியோ காலில் அப்பாவுக்குக் காட்டினேன். அவர் பெல்லில் முப்பது வருஷம் ஷிஃப்ட் பார்த்தவர். பஜாஜ் சேத்தக்கைத் தினமும் காலையில் ஒரு பக்கம் சாய்த்து, நிமிர்த்தி, உதைத்துக் கிளப்பி வேலைக்குப் போனவர்.

"எத்தனை சிசிடா?"

"எழுநூத்தி நாப்பத்தஞ்சுப்பா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "மாருதி எண்ணூறே எழுநூத்தித் தொண்ணூத்தாறு சிசிதாண்டா. அதுல நாங்க அஞ்சு பேரு பழனிக்குப் போயிட்டு வந்தோம்."

அடுத்த கேள்வி என்ன என்று உங்களுக்கே தெரியும். மைலேஜ். கேலனுக்கு 50 மைல் என்றேன். அவர் மனசுக்குள் பெருக்கி வகுத்து, "இருபத்தொண்ணா? பரவால்ல" என்றார். அம்மா மட்டும் ஃபோனை வாங்கி, "பாப்பாவ அதுல உக்கார வெக்காத" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பாப்பாவுக்கு நாலு வயசு. அதில் உட்காரவைத்ததில்லை. நின்றிருக்கும் வண்டியில் டேங்க் மேல் உட்கார்ந்து ஹாரன் அடிப்பது மட்டும் உண்டு.

ஃப்ரீமாண்டில் இருப்பவர்களுக்கு நைல்ஸ் கேன்யன் ரோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஊரின் ஒரு மூலையில் நைல்ஸ் என்று பழைய கடைத்தெரு. சாப்ளின் 1915-ல் 'தி டிராம்ப்' படம் எடுத்தது அந்தப் பக்கத்தில்தான். அங்கிருந்து 84-ம் நம்பர் ரோடு ஓடையை ஒட்டிக்கொண்டே மலை இடுக்கில் வளைந்து வளைந்து சுனோல் வரைக்கும் போகும். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குப் போனால் காற்றில் ஈர மண் வாசனையும் யூகலிப்டஸ் வாசனையும் மாறி மாறி வரும். வெயில் படுகிற வளைவில் கன்னம் சுடும், நிழல் வளைவில் விரல் விறைக்கும். காரில் அதே ரோட்டில் நூறு தடவை போயிருக்கிறேன், இது எதுவும் தெரிந்ததில்லை. மூன்றாவது கியரில் அந்த இன்ஜின் 'தப் தப்' என்று அவசரமில்லாமல் போகும். சில நாள் அப்படியே லிவர்மோர் சிவா விஷ்ணு கோயில் வரைக்கும் போய், ஹெல்மெட்டைச் செருப்பு ஸ்டாண்டு பக்கத்தில் வைத்துவிட்டு, ஒரு சுற்று சுற்றிக் கும்பிட்டு, எட்டரைக்குள் வீடு. பாப்பா அப்போதுதான் பல் தேய்த்துக்கொண்டிருப்பாள்.

அந்த இரண்டு மணி நேரத்தில் ஆபீஸ் ஞாபகம் வராது, ஃபோனில் கை போகாது. இதை நான் 'வைத்துக்கொள்' பத்தியில் எழுதப் பார்த்தேன். பக்கத்துக் கட்டத்தில் என்ன எண் போடுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

'விற்றுவிடு' பத்தியில் எண்கள் இருந்தன. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையின் கணக்கில், ஒரே தூரத்துக்கு, காரில் போகிறவர்களைவிட மோட்டார்சைக்கிளில் போகிறவர்கள் இறப்பது 20 மடங்குக்கும் மேல். இன்னொன்று, ஹர்ட் அறிக்கை. தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹர்ட் என்பவர் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் நடந்த சுமார் 900 மோட்டார்சைக்கிள் விபத்துகளை நேரிலேயே ஆராய்ந்து 1981-ல் வெளியிட்டது. வேறொரு வண்டியோடு மோதிய விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கில் தப்பு அந்த வேறு வண்டிக்காரர் மேல். எதிரில் வந்து இடது பக்கம் திரும்பும் கார்தான் அதில் முக்கியமான வில்லன். "பைக்கைப் பார்க்கவே இல்லை" என்பதுதான் அவர்கள் சொல்வது. அது உண்மையாகவும் இருக்கும். மனுஷக் கண் காரைத் தேடுகிறது, லாரியைத் தேடுகிறது. ஒற்றை விளக்கு வைத்துக்கொண்டு வரும் ஒல்லியான உருவத்தைத் தேடுவதில்லை.

மார்ச்சில் மிஷன் பூலவார்டில் எனக்கும் அது நடந்தது. பச்சை விளக்கு எனக்கு. எதிரில் ஒரு மினிவேன், இடது பக்கம் திரும்பக் காத்திருந்தது. ஓட்டியவரின் முகம் என் பக்கம்தான் இருந்தது. அப்படியும் திரும்பியது. கோர்ஸில் சொல்லிக்கொடுத்தபடி முன் சக்கரம் எந்தப் பக்கம் அசைகிறது என்பதையே பார்த்துக்கொண்டு வந்ததால், பிரேக்கில் விரல் ஏற்கனவே இருந்தது. வேனுக்கும் எனக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கிற இடம் இருந்திருக்கும். ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

அவள் கத்துகிற ரகம் இல்லை. தோசைக் கல்லை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"நான் விக்கச் சொல்லலைங்க. ஒண்ணு மட்டும் கேக்கறேன். உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா என் எச்-4 என்ன ஆகும்?"

இதைப் படிக்கிற பாதிப் பேருக்கு விளக்கம் தேவைப்படாது. நான் இருப்பது எச்-1பி. என் ஐ-140 அப்ரூவ் ஆகிவிட்டது. இபி-2, பிரையாரிட்டி தேதி 2016. வரிசை எப்போது நகரும் என்று கேட்காதீர்கள். அவள் எச்-4-ல் வேலை அனுமதி வாங்கி ஒரு ஃபார்மா கம்பெனியில் நல்ல வேலையில் இருக்கிறாள். அந்த அனுமதி எச்-4-ல் தொங்குகிறது, எச்-4 என் எச்-1பி-யில் தொங்குகிறது, என் எச்-1பி அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு சக்கரத்தில் போய்க்கொண்டிருந்தது. பாப்பா மட்டும் இங்கே பிறந்த சிட்டிசன். நான் போனால் துக்கம் கேட்க வருகிறவர்கள் கிளம்புவதற்குள் அவள் வக்கீலைத் தேட வேண்டும். வீடு, ஸ்கூல், அவளுடைய வேலை எல்லாம் ஒரே நாளில் கேள்வியாகும். ஊரில் இருக்கும் என் நண்பனும் தினமும் பைக் ஓட்டுகிறான். அவன் மனைவிக்கு இந்தக் கேள்வி கிடையாது.

"கார்ல போனா மட்டும் உத்தரவாதமா?" என்று கேட்டேன். கேட்கிற கேள்விதானே.

"இல்லதான். அப்ப காருக்கும் சேர்த்தே எழுதி வைங்க" என்றாள்.

அந்த வாரம் இரண்டு ராத்திரி உட்கார்ந்து ஒரு ஃபைல் போட்டோம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பைக் இல்லாதவர்களுக்கும் இது வேண்டும். ஆபீஸ் கொடுக்கும் லைஃப் இன்ஷூரன்ஸ் வேலையோடு போய்விடும் என்பதால் வெளியே தனியாக 20 வருஷ டெர்ம் பாலிசி ஒன்று. விண்ணப்பத்தில் மோட்டார்சைக்கிள் ஓட்டுவதை ஒளிக்காமல் எழுதினேன். 401கே-யில் பெனிஃபிஷியரி பெயரைப் பார்த்தேன். கல்யாணத்துக்கு முன் போட்ட அப்பா பெயர் அப்படியே இருந்தது, மாற்றினோம். உயில் எழுதினோம். எங்கள் இரண்டு பேருக்கும் ஏதாவது ஆனால் பாப்பா யாரிடம் வளர வேண்டும் என்று ஒரு வரி எழுதுவதற்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. ஐ-140 அப்ரூவல் நோட்டீஸ், ஐ-94, எல்லாப் பாஸ்போர்ட்டின் நகல்கள், இமிக்ரேஷன் வக்கீலின் ஃபோன் நம்பர் எல்லாம் ஒரே உறையில். அந்த உறை இப்போது அரிசி டப்பாவுக்கு மேல் தட்டில் இருக்கிறது.

ஃபைல் போட்டதும் வண்டி விஷயம் தீர்ந்துவிடும் என்றுதான் எதிர்பார்த்தோம். தீரவில்லை. சரி, 880-லும் ஆபீசுக்கும் எடுத்துப் போவதை நிறுத்திவிடுகிறேன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்றேன். இரண்டு கார்களுக்கு நடுவில் புகுந்து போவது கலிஃபோர்னியாவில் சட்டப்படி சரிதான். அதுவும் இனி இல்லை என்றேன். எனக்கே அது பிடித்ததில்லை. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் ஓடோமீட்டர் வேறு சொன்னது. பதினாலு மாதத்தில் 1,900 மைல். அதில் பெரும்பகுதி ஆபீஸ் போய்வந்தது. அதைக் கழித்தால், மாதத்துக்கு இரண்டு தடவை ஓட்டுகிற ஆள் நான்.

மோட்டார்சைக்கிள் ஓட்டுவது பழகினால் மறக்காது என்று ஊரில் சொல்வோம். விழாமல் ஓட்டுவதுதான் மறக்காது. வலது பக்கம் வளைய வேண்டுமென்றால் வலது ஹேண்டிலை முன்னால் தள்ள வேண்டும். கேட்டால் தலைகீழாக இருக்கும், ஆனால் சக்கரங்களின் இயற்பியல் அதுதான். அவசரத்தில் அந்தத் தள்ளல் யோசிக்காமல் வர வேண்டும். 250 கிலோவை முன் பிரேக்கில் வழுக்காமல் நிறுத்துவதும் அப்படித்தான். விரல்களுக்கு வாராவாரம் நினைவூட்ட வேண்டிய விஷயம். குறைவாக ஓட்டினால் ரோட்டில் இருக்கும் ஆபத்து குறையும், ஆனால் ஓட்டுகிறவன் துருப்பிடிப்பான். அதிகம் ஓட்டினால் கை பழகும், மினிவேன்களும் அதிகமாக எதிரில் வரும். பாப்பா நீச்சல் வகுப்பு, தமிழ்ப் பள்ளி, மளிகை எல்லாம் போக எனக்குக் கிடைப்பது மாதம் இரண்டு காலைகள்தான். அந்த இரண்டு காலைகளில் ஒரு கனமான வண்டியை நன்றாக ஓட்டுகிற ஆளாக இருக்க முடியாது. விற்பது என்று முடிவு செய்தது இதனால்தான். மனைவி காரணமில்லை, புள்ளிவிவரமும் இல்லை. 'அவ சொல்லி வித்துட்டான்' என்று நண்பர்கள் பேசிக்கொள்கிறார்கள், அதனால் சொல்லி வைக்கிறேன்.

ஏழு வருஷ டயரோடு இன்னொருவர் தலையில் கட்ட மனசு வரவில்லை. 1,140 டாலர் வேலையைச் செய்தே கொடுத்தேன். "விக்கிற மாட்டுக்கு யாருடா லாடம் அடிப்பா?" என்று அப்பா சிரித்தார்.

முதலில் பார்க்க வந்தது சான் ஹோசேயில் மாஸ்டர்ஸ் படிக்கும் பையன். கோயம்புத்தூர். "அண்ணா, ஊர்ல கிளாசிக் முன்னூத்தம்பது வெச்சிருந்தனுங்ண்ணா" என்றான். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து டேங்கைத் தடவினான். காலில் கேன்வாஸ் ஷூ, கையில் க்ளவுஸ் இல்லை.

"எம்1 இருக்காப்பா?"

"பெர்மிட் எடுத்துருவனுங்ண்ணா. இருபத்தோரு வயசு தாண்டுனா கோர்ஸ் கட்டாயமில்லையாமா."

கட்டாயமில்லை என்பது சரி. அவன் எஃப்-1-ல் வந்திருக்கிறான். ஊரில் வீட்டை அடமானம் வைத்த கல்விக்கடன் இருக்கிறது. வீட்டில் பைக் விஷயம் சொல்லவில்லை. அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் அவனே சொன்னான். எனக்கு என்ன உரிமை இருக்கிறது? ஆனாலும் சொன்னேன்: "கோர்ஸ் முடிச்சு, அந்த டிஎல் 389 பேப்பரோட வா. டிஎம்வி-ல ஓட்டிக் காட்ட வேண்டிய டெஸ்டும் மிச்சம். விலைல இருநூறு குறைச்சுக்கறேன், அதுல நல்ல ஜாக்கெட்டும் க்ளவுஸும் வாங்கிக்க. அதுவரைக்கும் வேற யாருக்கும் தர மாட்டேன்."

அவனுக்குக் கொஞ்சம் முகம் வாடியது. மறுநாள் மெசேஜ் வந்தது. அடுத்த மாதம் மூன்றாவது வார இறுதியில்தான் வகுப்பில் இடம் கிடைத்ததாம்.

அதனால் வண்டி இன்னும் கராஜில்தான் இருக்கிறது. ஓடாமல் நின்றால் கார்புரேட்டரில் மறுபடியும் பிசின் படியும், பேட்டரி இறங்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் சுனோல் வரைக்கும் போய்வருகிறேன்.

"பேட்டரிக்காகவா?" என்று கேட்டாள், ஹெல்மெட்டை எடுத்து நீட்டிக்கொண்டே.

"கார்புரேட்டருக்கும்" என்றேன்.